டபடப முதல் ௵ வரை

"மாமா, டபடபல நிக்கிறேன். வாங்க."

அக்கா மகன் அனுப்பிய வாட்ஸாப் செய்தி இது. களமசேரியில் படிக்கிறான், சனிக்கிழமை வந்தால் கொச்சி இடப்பள்ளியில் என் அறைக்கு வந்துவிடுவான். நான் இங்கே ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவன். இடப்பள்ளி டோல் தெரியும், புனித ஜார்ஜ் தேவாலயம் தெரியும், சங்ஙம்புழ பார்க் தெரியும். டபடப எங்கே இருக்கிறது? கேட்டேன். "லுலு மால்தான் மாமா. இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல எழுதி, தமிழா படிங்க" என்று பதில் வந்தது.

சிட்டையின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். எல், யு, எல், யு. அடடா! ட, ப, ட, ப! 2013-இல் அந்த மால் திறந்தது. அடுத்த வருஷம் நான் இந்த ஊருக்கு வந்தேன். அன்றிலிருந்து தினம் இரண்டு முறை அதைத் தாண்டிப் போகிறேன். ஒரு நாளாவது அது எனக்குத் தமிழில் தெரிந்ததா? கல்லாவில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தேன். அன்றைக்குப் பிடித்த பித்து இது, இன்னும் தெளியவில்லை. தெளியவும் வேண்டாம்.

அன்று மாலை அவன் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தேன். விளையாட்டில் அவன் பெயரைச் சுற்றி ஒரே தோரணம். இரண்டு பக்கமும் சுருள் சுருளாகக் கொடி, உள்ளே ஒரு சிலுவைக் குறி, வாள் மாதிரி ஒன்று, கடைசியில் சிரிக்கிற முகம். பெயரின் எழுத்துகளோ பழைய ஜெர்மன் புத்தகத்தில் அச்சடித்தவைபோலக் கொக்கியும் முள்ளுமாக. "எந்த ஃபாண்ட்டுடா?" என்றேன். "ஃபாண்ட் இல்ல மாமா, காப்பி பேஸ்ட்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எழுத்துரு என்பது எழுத்துக்குப் போடும் சட்டை. சட்டையை மாற்றினாலும் ஆள் அவனேதான். இதில் நடப்பது ஆள்மாறாட்டம்! யூனிகோடு என்பது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் பெரிய பேரேடு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் பதிவுகள். அதில் ஆங்கில 'ஏ'வுக்கு ஓர் எண் உண்டு. ஆனால் தடித்த 'ஏ', சாய்ந்த 'ஏ', முள் முளைத்த 'ஏ' ஆகியவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. ஏன்? கணக்கு வாத்தியார்களுக்காக! கணிதத்தில் சாதாரண 'எச்' ஒரு பொருள், வளைந்தெழுதிய 'எச்' வேறு பொருள். சட்டை மாறினால் சமன்பாடே தப்பாகிவிடும். அதனால் 2001-இல் 991 கணித எழுத்துகளை மொத்தமாகச் சேர்த்தார்கள். இயற்பியல் கட்டுரைக்காகச் செய்த ஏற்பாட்டை எங்கள் வீட்டுப் பையன் துப்பாக்கி விளையாட்டுக்கு இழுத்து வந்திருக்கிறான். எவ்வளவு அழகான திருட்டு!

அந்தக் கணித எழுத்துகளின் தெருவில் ஒரு பூட்டிய வீடு இருக்கிறது தெரியுமா? சாய்ந்த சின்ன எழுத்துகளின் வரிசையில் ஜி-க்குப் பிறகு எச் வரவேண்டும். வராது. அந்த எண் காலி. மாக்ஸ் பிளாங்கின் மாறிலிக்கு உரிய சாய்ந்த 'எச்' அதற்கு முன்பே வேறு தெருவில் குடியேறிவிட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு பட்டா எதற்கு என்று இங்கே இடத்தைச் சும்மா விட்டுவிட்டார்கள். ஆகவே, நீங்கள் சாய்ந்த எழுத்தில் பெயரை அலங்கரித்தால், அதிலுள்ள எச் மட்டும் குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்த விருந்தாளி. இதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடையில் யாரிடம் சொன்னாலும் "சரி, அந்த ஜிஎஸ்டி பில் எங்கே?" என்கிறார்கள்.

தோரணங்களின் ஊரையும் தேடிப் போனேன். சிலுவைக் குறி ஒரு திபெத்திய நிறுத்தக்குறி. வாள் சின்னம் சீக்கியர்களின் கண்டா. யூனிகோடு அதற்கு ஆதி சக்தி என்று பெயர் வைத்திருக்கிறது. சிரிக்கிற முகம், முகமே இல்லை, ஜப்பானியரின் 'ட்சு' எழுத்து. அந்த இரண்டு கொடிகள்தான் என்னைக் கொன்றுவிட்டன. அவை சாவக (ஜாவா) எழுத்தின் அலங்காரக் குறிகள்; 2009-இல் யூனிகோடில் ஏறியவை. சாவக எழுத்து எங்கிருந்து வந்தது? காவி எழுத்திலிருந்து. காவி? காஞ்சிப் பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து போய்ப் பெற்ற பிள்ளை. அப்படியானால் எங்கள் ராஜபாளையத்துப் பையன் பெயருக்குக் காவல் நிற்கும் இரண்டு கொடிகளும் நம் வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்துப் போன பெண்ணின் பேத்திகள். யாரோ செய்த மென்பொருள், யாரோ தொகுத்த பட்டியல், பையன் 'ஸ்டைலா இருக்கு' என்று எடுத்து ஒட்டினான். சொந்தம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

தலைகீழ் எழுத்து இன்னொரு கூத்து. சில செயலிகளில் ஆங்கிலத்தில் தட்டினால் வாக்கியம் முழுவதும் வௌவால்போலத் தொங்குகிறதே, அந்த எழுத்துகளில் பல உலக ஒலிப்பு நெடுங்கணக்கைச் சேர்ந்தவை. அகராதியில் உச்சரிப்புக் காட்டப் போடுவார்களே, அவை. அதில் கவிழ்ந்த 'ஆர்' ஒன்று உண்டு. அந்தக் கவிழ்ந்த ஆருக்கு ஒரு கொக்கி மாட்டிவிட்டால் எந்த ஒலி? நம் ழ! மொழியியலார் உலகம் முழுக்க ழகரத்தை அப்படித்தான் குறிக்கிறார்கள். 'ஆலப்புழ'க்காரர்களுக்கும் அதுதான். ழ நமக்கு மட்டும் வரும் என்று மேடையில் மார்தட்டுகிறவர்கள் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து மீன் மார்க்கெட்டில் நின்று கேட்க வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின் என் பெயரைத் தமிழில் தட்டி, அலங்கரிக்கும் செயலியில் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதே பெயர், மொட்டையாக. கணித வாத்தியார்கள் க, ங, ச-வில் சமன்பாடு எழுதாததால் தமிழுக்குத் தடித்த வரிசையும் இல்லை, முள் வரிசையும் இல்லை. சரி, எழுத்தின் மேல் கோடு, கீழே புள்ளி என்று ஒட்டுக்குறி சேர்க்கும் வித்தையையாவது செய்வோம் என்று போனால், செயலி ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குறியைச் செருகிவிட்டது. நமக்கு 'கொ' ஒரே எழுத்து. கணினிக்கு அது ககரமும் கொம்புகாலும். இரண்டுக்கும் நடுவில் அந்நியன் நுழைந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஆளில்லாத புள்ளி வட்டம். தேர் கவிழ்ந்ததுபோலக் கிடந்தது என் பெயர். நாகபந்தம், ரதபந்தம் என்று சித்திரக்கவி கட்டிய மொழிக்கா இந்தக் கதி?

அந்த ஆற்றாமையில்தான் தமிழ்க் கட்டத்தையே ஒருமுறை முழுதாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மொத்தம் 72 பதிவுகள். அ, ஆ, இ... கொம்பு, புள்ளி... எண்கள்... அதற்கப்புறம் வரிசையாக: ௳ ௴ ௵ ௶ ௷ ௸ ௹ ௺.

இதை எப்படிச் சொல்வேன்! என் தாத்தா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கடையின் கணக்கப்பிள்ளை. அவருடைய பேரேட்டைச் சின்ன வயதில் நான் புரட்டியிருக்கிறேன். பாம்பு படமெடுத்ததுபோலச் சில கிறுக்கல்கள் அதில் ஓடும். அவருக்குக் கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன். நடுக்கமில்லை! ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். அத்தனையும் 2003-இலேயே யூனிகோடில் ஏறியிருக்கின்றன. இருபது வருஷமாக என் கணினிக்குள்ளேயே தாத்தா உட்கார்ந்திருக்கிறார். நானோ பற்று வரவு என்று முழுசாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ௵ இருக்கிறதே, இதற்கு வெளிநாட்டில் ரசிகர்கள் உண்டு. அகலமான எழுத்துகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இது ஒரு செல்லப் பிள்ளை. என்ன எழுத்து, எந்த மொழி என்று தெரியாமலே பெயருக்குப் பின்னால் வாலாக ஒட்டிக்கொள்கிறார்கள். பஞ்சாங்கத்தில் ஆண்டின் பெயருக்குப் பின்னால் நிற்கும் அதே ஆள்தான். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மேலே, யாரும் படிக்காத வரியில் நிற்பதும் இவர்தான். என் கண்ணுக்கு இது தும்பிக்கை தூக்கிய யானை மாதிரி. உங்கள் கண்ணுக்கு எப்படியோ.

அத்தோடு முடிந்ததா? 2019-இல் தமிழுக்கு இன்னொரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள், தமிழ்ச் சேர்க்கை என்று. 51 குறிகள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, வீசம் 16-இல் ஒன்று, எல்லாவற்றுக்கும் தனிக்குறி. நெல் அளக்கச் செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு. பணத்துக்குக் காசு, பொன், வராகன். நன்செய்க்கு ஒன்று, புன்செய்க்கு ஒன்று, உப்பளத்துக்குக்கூட ஒன்று! 'வகையறா'வுக்கு ஒரு குறி. எழுதி முடித்தேன் என்று சொல்ல ஒரு குறி. உப்பளத்துக்குக் குறி கண்டுபிடித்த கணக்கப்பிள்ளை யாராக இருந்தாலும் அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

துள்ளிக்கொண்டு போய்க் கடை முதலாளியிடம் காட்டினேன். மலையாளி, நல்ல மனிதர். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மலையாளத்திலும் மா, அரைக்காணி எல்லாம் உண்டே என்றார். தேடினேன். உண்டு, 2016-இலேயே ஏறிவிட்டன. நம்மை மூன்று வருஷம் முந்திவிட்டார்கள்! கால், அரை, முக்கால் அதற்கும் முன்னால், 2008-இல். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாயா குடித்துக்கொண்டே சிரித்தார். சேச்சிமார் எழுத்தில் ட-வைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியே ஆங்கில எஸ். ட-வுக்கு அடுத்த எழுத்து சுத்தமான வட்டம், ஓ-வேதான். கடைப் பையன்கள் ஆங்கிலப் பெயருக்கு நடுவில் இரண்டையும் சொருகிவிடுகிறார்கள். நம் ட எல் ஆகிறது, அவர்கள் ட எஸ் ஆகிறது. ஒரே ஒலி, இரண்டு வேஷம்.

அடுத்த சனிக்கிழமை மருமகனை மட்டாஞ்சேரிக்கு இழுத்துப்போனேன். மெட்ரோவில் எர்ணாகுளம், அங்கிருந்து படகு. யூதத் தெருவின் கடைசியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், மூடியிருக்கும். அதை மறந்துபோய் ஒருவனை இவ்வளவு தூரம் கூட்டி வந்த மாமாவைப் பற்றி அவன் மனதில் நினைத்ததை இங்கே எழுத வேண்டாம். ஆனால் நான் காட்ட வந்தது வெளியேதான் நிற்கிறது: மணிக்கூண்டு. டச்சுக்காரர் காலத்துப் பெரிய வணிகர் எசக்கியேல் ராஹாபி 1760-இல் கட்டியது. ஒரு முகத்தில் ரோமன் எண்கள், ஒன்றில் எபிரேய எழுத்து, ஒன்றில் மலையாள எண். ஒரே மணியை மூன்று விதமாக அலங்கரித்து ஒரே கோபுரத்தில் மாட்டியிருக்கிறார்கள்! காப்பி பேஸ்ட் இல்லாத காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் செய்த ஸ்டைலிஷ் எழுத்து.

அவனுக்கு அப்போதுதான் கண் விரிந்தது. எபிரேயத்தில் எழுத்தே எண். முதல் எழுத்து அலெஃப் என்றால் ஒன்று. "நமக்கும் அப்படித்தான்டா, ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி" என்றேன். ஔவையார் கம்பரை எட்டேகால் என்று திட்டிய கதையைச் சொன்னேன். எட்டு அ, கால் வ, சேர்த்தால் 'அவ'. அதோடு லட்சணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "மாமா, இது செம்ம டிஸ்" என்றான். ஔவையாருக்கு இந்தத் தலைமுறை தந்த பட்டம்.

அந்த ஜெபாலயத்தின் பொக்கிஷம் ஒரு செப்பேடு. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. எழுத்து என்ன எழுத்து? வட்டெழுத்து. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் ஓடிய, நம் கல்வெட்டெல்லாம் நிறைந்த அதே வட்டெழுத்து. வேடிக்கை என்னவென்றால், சாவகக் கொடிக்கு இடம் கொடுத்த யூனிகோடில் நான் இதை எழுதும்வரை வட்டெழுத்துக்கு இடம் இல்லை. தமிழிக்கு, அதாவது தமிழ் பிராமிக்கு, உண்டு; பிராமிக் கட்டம் 2010-இல் வந்தது, தமிழுக்கே உரிய குறில் எ, குறில் ஒ, ளகரம், புள்ளி ஆகியவை 2021-இல் சேர்ந்தன. மாங்குளம் மலையில் செதுக்கிய எழுத்தில் என் பெயரைக் கைப்பேசியில் தட்டலாம், தாராளமாக. வினோத் ராஜன் உருவாக்கிய அக்ஷரமுக என்ற இணையக் கருவியில் தமிழைப் போட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட லிபிகளில் மாற்றித் தருகிறது. என் பெயரைத் தமிழியில் பார்த்தபோது கொஞ்சம் கண் கலங்கியது. மிகை என்பீர்கள். ஒருமுறை உங்கள் அம்மா பெயரைப் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

திரும்பும் வழியில் போர்ட் கொச்சியில் வேலி என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில் நின்றோம். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வெளுக்கிறார்கள். மூங்கில் கொடிகளில் கிளிப் இல்லாமல், கயிற்று முறுக்கில் செருகிக் காயும் வெள்ளைத் துணிகள். அதைப் பார்த்ததும் எனக்கு யூனிகோடின் சலவை ஞாபகம் வந்தது. ஆமாம், அதற்கும் ஒரு வெளுப்பு உண்டு. கணித எழுத்துகள், வட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகள், இவற்றைத் தேடுபொறி தன் தொட்டியில் முக்கி எடுத்தால் சாயம் போய்ச் சாதாரண எழுத்தாகிவிடும். தலைகீழ் எழுத்தும் அயல்மொழி வேஷமும் சாயம் போகாத ரகம். நீங்கள் பெயரைக் கவிழ்த்துப் போட்டால் தேடுகிறவருக்கு நீங்கள் கிடைக்கவே மாட்டீர்கள்.

குறை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆர்வக் கோளாறில் ஒரு பொருளை ஆன்லைனில் வாங்கும்போது என் பெயரை முள் எழுத்தில் கொடுத்துவிட்டேன். பார்சலில் பெயருக்குப் பதில் வரிசையாகக் காலிப் பெட்டிகள். கொண்டுவந்த பையன் பெட்டிகளை எண்ணிப் பார்த்து, பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கொடுத்தான். கெட்டிக்காரன்! அந்தப் பெட்டிகளுக்கு டோஃபு என்று செல்லப் பெயர், சோயா பன்னீர்த் துண்டு மாதிரி இருப்பதால். டோஃபுவே இருக்கக் கூடாது என்றுதான் கூகுள் தன் எழுத்துருக்களுக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. நம் உழக்கு, பதக்குக் குறிகளுக்கும் நோட்டோவில் எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவாதவரை அவை பெட்டிதான். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து விழுந்தாலே ஐபோன் செயலிகள் மயங்கி விழுந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு அவ்வளவு சக்தி!

என்னை நிஜமாக வெட்கப்பட வைத்தது வேறொன்று. பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் கைப்பேசி திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும். நான் அனுப்பிய அலங்கார வாழ்த்தை அது "மேத்தமேட்டிகல் போல்ட் கேப்பிட்டல் எச்..." என்று ஒவ்வொன்றாகப் பாராயணம் செய்திருக்கிறது. ஓணம் வாழ்த்து முடிவதற்குள் பாயசம் ஆறிவிட்டது என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: பெயரும் செய்தியும் சாதாரண எழுத்தில், அலங்காரம் வாசற்படியில் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று தமிழ்க் குறியாக இருக்கட்டுமே! வழி சுலபம். இந்தப் பக்கத்தில் உள்ள ௵-ஐ ஒருமுறை நகலெடுங்கள். கைப்பேசி விசைப்பலகையின் அமைப்பில் சொந்த அகராதி என்று ஒன்று இருக்கும். அதில் இதைச் சேர்த்து, 'வருடம்' என்ற சொல்லை இதற்குக் குறுக்குவழியாகக் கொடுத்துவிடுங்கள். 'மேற்படி'க்கு ௸. நான் கடையின் கணக்குத் தாளில் இரண்டு மாதமாக ௸ போடுகிறேன். ஆடிட்டர் ஒருமுறை இது என்ன எலியா என்று கேட்டார். விளக்கியதும் அவரும் போட ஆரம்பித்துவிட்டார். மருமகன் கொடிகளைக் கழற்றிவிட்டான். இப்போது விளையாட்டில் அவன் பெயருக்குப் பின்னால் ஒற்றை ௵. எதிராளிகள் அதை எப்படிப் படிப்பது என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்களாம். "வருஷம்" என்று தமிழில் சொல்லிவிட்டுச் சுடுகிறானாம்.

ஒரு விண்ணப்பம். யூனிகோடில் ஒரு குறி ஏறவேண்டுமென்றால் அது எங்கேயாவது எழுதப்பட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாத்தாவின் பேரேடு எங்கள் வீட்டில் இல்லை, எப்போதோ எடைக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிட்டை, பேரேடு, ஐந்தொகை, நிலப் பத்திரம் எதுவாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். கிறுக்கலாகத் தெரியும் பக்கங்களை முதலில் படம் எடுத்து வையுங்கள்.